மூன்றாம் வாசிப்பு

அன்றைக்கு அந்த முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கதவுக்கு நேர் எதிரே, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் மனு அக்கா. அவருக்கு இடது கைப்பக்கம், கட்டில் விளிம்பில் ஊசியம்மா. ஜன்னலடியில் பாய் போட்டு, சட்டை மூட்டைக்கு முதுகைக் கொடுத்து மாமியார். அவருக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரோரமாக மருமகள். ஐந்தாவது ஆள் மருமகளின் நாலு வயது மகள் வாலு. அவள் எந்த இடத்திலும் உட்காரவில்லை என்பதால் மனு அக்கா தன் நோட்டில் 'நடமாட்டத்தில்' என்று எழுதிக்கொண்டார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் குறித்துவைப்பது அவர் வழக்கம். யார் யாருடைய முகத்தைப் பார்க்காதபடி உட்கார்கிறார்கள் என்பதிலேயே பாதிச் சங்கதி விளங்கிவிடும் என்பார். லாரி கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் தட்டச்சு செய்தவர். கம்பெனியை மூடிய பிறகு மேல்மாடிக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் மாதமே நாற்பது மனு எழுதியதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் பத்திரமாக இருந்தது.

மேல்மாடி என்பது நூல்கடைக்கு மேலே இரண்டு அறை. முஸ்லிம் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்திவந்த உதவி மையம். வாசல் பலகையில் நீளமாக ஒரு பெயர் இருந்தது; அதை முழுசாகச் சொன்னவர்கள் கிடையாது. தலாக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தவள் அங்கே வருவாள். ஆஸ்பத்திரிக்குத் துணை தேடியும், கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ளவும் வருவார்கள். எதற்கு வந்தோம் என்று தனக்கே தெரியாமல் படியேறி வந்து, ஒரு பாட்டம் அழுது, ஒரு டீயைக் குடித்துவிட்டு, "சரி வரேங்கா" என்று இறங்கிப் போனவர்களும் உண்டு. வர முடியாதவர்களைத் தேடி இவர்களே போவார்கள். இத்தாவில் இருக்கிற பெண்கள் அந்தக் கணக்கில் சேர்த்தி. புருஷன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டோடு இருக்கிற காலம் அது.

இந்த வீட்டு மருமகளுக்கு இருபத்தைந்து வயது. புருஷன் தண்ணீர் லாரி ஓட்டியவன். ஒரு நாள் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பியவன், செருப்பை மாட்டக் குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. வீட்டில் மிஞ்சியது மூன்று பெண்கள். மாமியாருக்கு நாற்பத்தெட்டு. பாட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். "ஐம்பது ஆகட்டும், அப்புறம் யோசிக்கலாம்" என்று சொல்லி, தன்னைப் 'பெரியம்மா' என்று அழைக்க வாலுவைப் பழக்கிவைத்திருந்தார்.

சட்டை கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டை வரும். பொத்தான் தைத்து, நூல் பிசிறு வெட்டி, மடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு மூட்டைக்கு அறுபது சட்டை. மருமகள் கத்தரியால் நூலை வெட்டுவாள். மாமியார் பல்லால் கடிப்பார். கத்தரியை எடுத்து வைக்கிற நேரத்தில் இன்னொரு பொத்தான் தைத்துவிடலாம் என்பது அவர் கட்சி. அன்று காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. ஈரக் காற்று பட்டால் வெள்ளைச் சட்டை பழுப்பேறும் என்று ஜன்னலைப் பாதி சாத்தியிருந்தார்கள். அறைக்குள் புதுத்துணிக் கஞ்சியின் வாசனை நின்றது.

மனு அக்கா பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். எல்லாரும் எதிர்பார்த்திருந்த பதில் அது.

வெளியூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் செவிலி உதவியாளர் பயிற்சி. ஒரு வருஷம் அங்கேயே தங்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வரலாம். முடித்தால் அங்கேயே வேலை. விண்ணப்பப் பாரத்தை லாரிக் காகிதங்களுக்கு நடுவில் மடித்துவைத்துக் கொண்டுவந்து கொடுத்ததே அந்தப் புருஷன்தான். 'நீ படிச்ச படிப்பு பொத்தானுக்கு வேணாம்' என்று சொல்லிக் கொடுத்தானாம். அவன் போய் இரண்டு மாதம் கழித்து, இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. ஒன்பதாம் தேதி சேர வேண்டும். மனு அக்கா கணக்குப் போட்டுப் பார்த்ததில் இத்தா பன்னிரண்டாம் தேதிதான் முடிகிறது. ஆகவே பதின்மூன்றாம் தேதி சேர அனுமதி கேட்டு, இதே அறையில் உட்கார்ந்து, ஒரு மாதம் முன்னால் மனு எழுதினார்கள்.

மேல்மாடிக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக எழுதினாலும் அனுப்பும் முன் மூன்று முறை உரக்க வாசிக்க வேண்டும். முதல் வாசிப்பு விஷயம் விட்டுப்போகாமல் இருக்க. இரண்டாவது பிழை பார்க்க. மூன்றாவது வாசிப்பின்போது அந்தப் பெண் கையில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். தன் வாயால் சொல்லாத ஒரு சொல் உள்ளே இருந்தால் நிறுத்த வேண்டும். அந்த மனுவையும் அப்படியே மூன்று முறை வாசித்தார்கள். மருமகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். மாமியார் பொத்தான் தைத்துக்கொண்டு கேட்டார்.

இப்போது பதிலை மனு அக்கா வாசித்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். இறப்புக்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். முதல் நாளிலேயே வார்டு பிரித்துக் கொடுப்பதால் தாமதமாக வருபவர்களுக்கு இடம் வைத்திருக்க இயலாது, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு அந்த இடம் போகும் என்று இருந்தது. ஒன்பதாம் தேதி வர முடியுமானால், கையொப்பமிட்ட கடிதமும், குழந்தையின் பராமரிப்புக்கு வீட்டார் ஒருவரின் சம்மதமும் ஐந்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

அன்று இரண்டாம் தேதி.

வாசித்து முடித்ததும் மனு அக்கா காகிதத்தை அது வந்த மடிப்பிலேயே மடித்தார். காலையிலேயே நூல்கடைத் தொலைபேசியில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பேசிப்பார்த்ததையும், எதுவானாலும் எழுத்தில் தாருங்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டதையும் தெரிவித்தார்.

மருமகள் தலையை ஆட்டினாள். அழவில்லை. "பரவால்லக்கா. நீங்க எவ்வளவோ பண்ணீங்க" என்று சொல்லிவிட்டு, மடியில் கிடந்த சட்டையை எடுத்துக் காலர் பொத்தானைத் தேட ஆரம்பித்தாள். அது அவள் கையிலேயே இருந்தது.

ஊசியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, மேல்மாடியில் சேர்ந்தவர். ஊரில் பாதிப்பேரைக் குப்புறப் படுக்கவைத்தவள் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். "நாலு நாளு. வெறும் நாலு நாளுக்கு ஒரு புள்ளையோட வருஷத்தை வாரிக் குப்பையில போடறதா? நான் நேராப் போயி அந்தப் பொறுப்பாளரம்மாவைப் பாக்கறேன். அந்தம்மாவும் ஒரு காலத்துல என்னை மாதிரி பெட்பேன் தூக்கினவதான்" என்றார்.

மனு அக்கா அவரை அடக்கினார். அவர்கள் பேரில் தப்பு இல்லை. ஒருத்திக்கு நாலு நாள் விட்டால் மற்றவர்களும் கேட்பார்கள். இன்னொரு முறை கெஞ்சி எழுதலாம், அதற்கு மேல் நம் கையில் இல்லை. இதைச் சொல்லும்போதே தன் குரலில் தெம்பில்லை என்பது அவருக்கே கேட்டது.

வாலு அதுவரை பொத்தான் டப்பாவுக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். பெரியவர்கள் பேச்சில் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் காது அவளுக்கு.

"அம்மா, நீ ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"போகல கண்ணு."

"அப்ப நான் இனிமே உன்கிட்டயே படுத்துக்கவா?"

மருமகள் நிமிர்ந்தாள். "நீ எங்கிட்டதானே படுக்கற?"

"நீ தூங்கினதும் பெரியம்மா என்னைத் தூக்கித் தன்கிட்டப் போட்டுக்குது. பத்து நாளாப் பழக்குது. அம்மா இல்லாமத் தூங்கினா காலையில ரெண்டு பிஸ்கட்டு."

சொன்ன பிறகுதான் அது ரகசியம் என்பது அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள்.

மாமியார் நூலைக் கடிக்க வாயருகே கொண்டுபோனவர் கடிக்காமல் சட்டையைக் கீழே வைத்தார். ஊசியைப் பாயில் குத்தினார். எழுந்து ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு மறுபடியும் சாத்தினார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"பன்னெண்டு இல்ல. ஏழாம் தேதி முடியுது."

"எது?" என்றார் மனு அக்கா.

"இத்தா. ஏழாம் தேதி பொழுது சாஞ்சு மக்ரிபுக்கு பாங்கு சொன்னதும் முடியுது. எட்டாம் தேதி பஸ் ஏறினா ஒம்போதாம் தேதி காலையில அங்க நிக்கலாம்."

மனு அக்கா கண்ணாடியைக் கழற்றினார். எப்படி என்று அவர் கேட்பதற்குள் மாமியாரே சொல்ல ஆரம்பித்தார். நீளமாகப் பேசிப் பழகாதவர். விரல்களை மடக்கி மடக்கிப் பேசினார்.

"அவன் போன அன்னிக்கு முந்தின சாயங்காலம் துணி எடுக்க வெளியே போனேன். மேல பாத்தா, நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி பிறை. எம் பின்னால வந்து நின்னுக்கிட்டு, 'என்னம்மா, வானத்துல எதைத் தொலைச்ச'ன்னான். விடியறதுக்குள்ள போயிட்டான். அன்னிலேர்ந்து எண்ணிட்டிருக்கேன். பிறை மாசத்துக்கு இருபத்தொம்போது, இல்லாட்டி முப்பது. முப்பத்தொண்ணுங்கறதே கிடையாது. நாலு மாசம் ஆகி அஞ்சாவது பிறையையும் பாத்துட்டேன். அதுக்கு மேல பத்து நாளு. அதுல அஞ்சு இன்னியோட போகுது. மிச்சம் அஞ்சு."

சந்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

இத்தா பிறைக்கணக்கில்தான் என்பது மனு அக்காவுக்குத் தெரியாததல்ல. தன் தகப்பனார் இறந்தபோது தன் தாய் பிறை பார்த்து நாள் எண்ணியதை அருகிலிருந்து கண்டவர்தான். ஆனால் பத்தொன்பது வருஷம் லாரி கம்பெனிக் காலண்டரில் தேதி குறித்த கை, தேதி என்றதும் தானாகச் சுவருக்குப் போய்விட்டது. இரண்டாம் தேதி இறந்தான். நாலு மாதம் கழித்து இரண்டாம் தேதி. அதன் மேல் பத்து, பன்னிரண்டு. விரலால் தொட்டு எண்ணக்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக வந்த கணக்கை யார் சந்தேகப்படுவார்கள்? அவருக்குக் காது மடல் சூடேறியது.

"மூணு தடவை வாசிச்சேனேம்மா" என்றார் மெதுவாக. "பன்னெண்டாம் தேதின்னு மூணு தடவையும் வந்துச்சே. உங்களுக்குக் காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

மருமகள் எழுந்தாள். மடியிலிருந்த பொத்தான்கள் தரையில் சிதறி உருண்டன. அவள் அவற்றைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே ஒரு பாத்திரத்தை எடுக்கிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. மனு அக்கா எழுந்திருக்கப் போனார். ஊசியம்மா அவர் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார். "இரு. இது எழுத்து வேலை இல்ல" என்றார் காதோடு காதாக. பிறகு வாலுவைக் கூப்பிட்டு, உருண்டு போன பொத்தான்களை எல்லாம் பொறுக்கினால் ஊசி போடாமல் விட்டுவிடுவதாகச் சொன்னார். வாலு கட்டிலுக்கு அடியில் மறைந்தாள்.

மாமியார் பாயில் உட்கார்ந்தபடியே அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதலில் பேசுவார் என்று மனு அக்கா நினைத்தார். பேசியது உள்ளேயிருந்த குரல்தான்.

"அது உங்க புள்ள கொண்டாந்து குடுத்த பாரம் மாமி."

"தெரியும்மா."

"என்னைப் போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நின்னிருப்பேன். எதுக்கு இப்படி?"

"நீ நின்னிருப்பேன்னு தெரிஞ்சுதான் சொல்லல."

மாமியார் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

"எனக்காக நீ நின்னேன்னு வெச்சுக்க. இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. பத்து வருஷம் கழிச்சு ஒரு நாளு, பொத்தான் தைச்சிட்டிருக்கறப்ப ஊசியைக் கீழ வெச்சிட்டு என்னை ஒரு பார்வை பாப்பே. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டே. நீ அப்படிப்பட்டவ இல்ல. ஆனா அந்தப் பார்வை எனக்கு வேணாம்னு இருந்துச்சு. அந்த நேரம் பாத்து அக்கா பன்னெண்டுன்னு வாசிச்சாங்க. சரி, தேதி சரிப்படலன்னு ஆஸ்பத்திரிக்காரங்களே வேணாம்னு சொல்லட்டும், பழி அவங்களோட போயிடும்னு பேசாம இருந்துட்டேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து அவங்களைத் திட்டிக்கிட்டே பொத்தான் தைக்கலாம்னு நெனச்சேன்."

அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்து ஊசியம்மா தலையைத் திருப்பினார். அது சிரிப்பு, சிரிப்பாகக் கிளம்பி நடுவழியில் வேறாகிவிட்டது. மருமகள் முகத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"திட்டறதுக்கு உங்களுக்கு ஆள் வேணும்னா நான் வாரா வாரம் வந்து திட்டுவேனே மாமி."

"வாரா வாரம் வருவேதான். மிச்சம் ஆறு நாளு?" மாமியாரின் குரல் தணிந்தது. "அவன் போனதும் இந்த வீட்டுல மூச்சு சத்தம் ஒண்ணு குறைஞ்சு போச்சு. ராத்திரி படுத்துக்கிட்டு எண்ணுவேன். உன்னுது ஒண்ணு, இந்த வாலுவோடது ஒண்ணு. உன்னுதும் போச்சுன்னா என்ன பண்றதுன்னு ஒரு பயம். பெத்த புள்ள போனதுக்கு அழுதுட்டேன். நீ போனா எந்த முறையில அழுவேன்? ஊரு சிரிக்காதா, வேலைக்குப் போற மருமகளுக்கு மாமியா அழறான்னு?"

மருமகள் வந்து, இந்த முறை ஒரு முழம் தள்ளி அல்ல, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வேறெதுவும் செய்யவில்லை. மாமியார் முழங்கால் மேல் இருந்த ஒரு நூல் பிசிறை எடுத்துப் போட்டாள்.

"அப்ப இந்த வாலுவ எதுக்குப் பழக்கினீங்க?"

"அதான் எனக்கே விளங்கல. ஒரு கை மறைக்குது, இன்னொரு கை வழி விடுது. இவ அதைப் போட்டு உடைச்சதும் வெக்கமாப் போச்சு."

கட்டிலுக்கு அடியிலிருந்து வாலுவின் குரல் வந்தது. "நான் உடைக்கல. எல்லாம் முழுசாத்தான் இருக்கு."

ஊசியம்மா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. மருமகள் டீ போட எழுந்தாள். அடுப்பில் ஏற்கெனவே வைத்திருந்த வெறும் தண்ணீர் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. மறுபடி ஊற்றினாள். டீ வந்தது, ரொட்டி வந்தது. ஊசியம்மா ரொட்டியை முக்கித் தின்றுகொண்டே, தபால் ஆபீஸில் பதிவுத் தபால் நாலு மணி வரைக்கும்தான் என்று நினைவுபடுத்தினார். மணி இரண்டே கால்.

மனு அக்கா நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளை எடுத்தார். தாளுக்கு அடியில் வைக்க அட்டை கேட்டார். சட்டைக்குள் வைக்கிற அட்டை ஒன்றை மாமியார் நீட்டினார். மேலிடத்தில் தேதி, ஊர், பெறுநர், பொருள். அதுவரைக்கும் பேனா ஓடியது. பிறகு நின்றது.

"'முந்தைய கடிதத்தில் தேதி தவறுதலாகக் குறிப்பிடப்பட்டுவிட்டது'" என்று முணுமுணுத்தபடி எழுதப் போனார்.

"யாரு குறிப்பிட்டா?" என்றார் ஊசியம்மா.

"இப்படித்தான் எழுதறது வழக்கம்."

"தவறு தானா நடந்து வந்து தாள்ல உக்காந்துக்கிச்சா? அதுக்குக் காலு இருக்கா?"

மனு அக்கா பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். லாரி கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக எத்தனையோ சரக்கு தப்பான ஊருக்குப் போயிருக்கிறது. ஒரு கடிதத்திலும் யாரும் தப்பு செய்ததாக அவர் எழுதியதில்லை. நேர்ந்துவிட்டது, ஏற்பட்டுவிட்டது, விடுபட்டுவிட்டது. அப்படி எழுதக் கற்றதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது. இப்போது அந்தச் சொற்களை நம்பி ஒரு பெண்ணின் இடத்தை வைக்க முடியாது என்று தோன்றியது. தேதியை ஏன் மாற்றுகிறார்கள் என்று அந்தப் பொறுப்பாளர் சந்தேகப்பட்டால், இடத்துக்காக இத்தாவையே சுருக்கிவிட்டாள் என்று யாராவது நினைத்தால், அந்தப் பேச்சு இந்தப் பெண்ணின் தலையில்தான் விழும்.

"என் பேரைப் போடுங்கக்கா" என்றார் மாமியார். "தெரிஞ்சும் சொல்லாதது நான்தானே. மாமியா மறைச்சுட்டான்னு எழுதுங்க."

"அது வேணாம்."

"உண்மைதானே."

"உண்மைதான். ஆனா அது இந்த வீட்டுக்குள்ள சொல்லி, இந்த வீட்டுக்குள்ளயே தீர்ந்து போச்சு. ஆஸ்பத்திரிக்கு அது எதுக்கு? அவங்களுக்கு வேண்டியது தப்பாக் கணக்குப் போட்டவ பேரு. அது நான்."

மாமியார் விடவில்லை. கணக்குத் தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டால் கணக்குப் போட்டவள் என்ன செய்வாள் என்று வாதாடினார். மனு அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு தப்புக்கு இப்படிப் போட்டி போடுவதைத் தான் எங்கேயும் கண்டதில்லை, பந்தியில் இலைக்குக்கூட இவ்வளவு இழுபறி கிடையாது என்றார் ஊசியம்மா. கடைசியில் மருமகள்தான் தீர்த்து வைத்தாள். "அக்கா எழுதறபடி எழுதட்டும் மாமி. உங்களுக்கு வேற எழுத வேண்டியது இருக்கு."

மனு அக்கா எழுதினார். மாதம் சந்திரக் கணக்கில் எண்ண வேண்டியதைத் தான் காலண்டர்க் கணக்கில் எண்ணிவிட்டதாகவும், தவறு முழுதும் தன்னுடையது என்றும், விண்ணப்பதாரருக்கு அதில் பங்கில்லை என்றும் எழுதினார். இத்தா ஏழாம் தேதி மாலை நிறைவடைகிறது. ஒன்பதாம் தேதி காலை அவர் நேரில் வந்து சேர்வார். அடியில் மருமகள் கையெழுத்துப் போட இடம் விட்டு, அதற்குக் கீழே தன் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். ரேஷன் அட்டையில் இருந்த பெயர் அது. எழுதி வெகு நாளானதால் கை ஒரு கணம் தயங்கியது.

முதல் முறை வாசித்தார். விஷயம் எதுவும் விட்டுப்போகவில்லை. இரண்டாம் முறை வாசித்தார். தேதிகளை ஊசியம்மா விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்தார், பிறைக்கணக்கில் ஒரு தரம், காலண்டரில் ஒரு தரம். மூன்றாம் முறை தொடங்கும் முன் மனு அக்கா நிறுத்தினார்.

"இதுக்கு நீங்களும் கையை வெறுமனே வெச்சுக்கிட்டுக் கேக்கணும்" என்று மாமியாரிடம் சொன்னார். "போன தடவை நான் அதைச் சொல்லாம விட்டேன். மனு யாரோடதோ அவங்க மட்டும் கேட்டாப் போதும்னு இருந்துட்டேன்."

மாமியார் ஊசியையும் சட்டையையும் எட்ட வைத்துவிட்டு, கைகளை மடியில் மல்லாத்திவைத்தார். வேலையில்லாத அந்தக் கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. விரல் நுனிகளில் ஊசித் தழும்பு புள்ளி புள்ளியாக இருந்தது. வாலு ஓடிவந்து பொறுக்கிய பொத்தான்களை அந்தக் கைகளில் கொட்டப் போக, மருமகள் அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

கடிதம் வாசித்தாகிவிட்டது. தடை யாரும் சொல்லவில்லை. மருமகள் தனக்கு விட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அடுத்து, குழந்தை பற்றிய தாள். மனு அக்கா அதைத் தனியாக எழுதியிருந்தார்.

"'மேற்படி விண்ணப்பதாரரின் மகளை, அவருடைய பயிற்சிக் காலம் முழுவதும் என் பொறுப்பில் வளர்த்துவர இதன்மூலம் சம்மதிக்கிறேன்.'"

"நிறுத்துங்கக்கா" என்றார் மாமியார்.

மருமகளின் முகம் மாறியது. மனு அக்கா தாளைத் தாழ்த்தினார்.

"அந்தக் கடைசி வார்த்தை என்னுது இல்ல."

"சம்மதிக்கிறேன்?"

"ஆமா. யாரோ வந்து கேட்டு, நான் போனாப் போகுதுன்னு குடுத்த மாதிரி இருக்கு. வேணாம்." மாமியார் யோசித்தார். வெறும் கை எதையோ தேடி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "இப்படி எழுதுங்க. எம் மருமகளை நான் அனுப்பி வெக்கறேன். புள்ள எங்கிட்ட இருக்கா. அவளைப் பத்தி அங்க கவலைப்பட வேணாம். அவ்வளவுதான்."

அரசாங்கத் தாளில் அப்படி எழுதுவது வழக்கமில்லை. மனு அக்கா புதுத் தாளை எடுத்து, 'மேற்படி'யையும் 'இதன்மூல'த்தையும் விட்டுவிட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதினார். மூன்று முறை வாசித்தார். மாமியார் பேனாவை ஊசி பிடிப்பதுபோல் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினார்.

மூன்றேகாலுக்கு ஊசியம்மா ஒரு பிரசவித்த பெண்ணைப் பார்க்கப் போக வேண்டும் என்று கிளம்பினார். தபால் ஆபீசுக்கு மனு அக்காவோடு தானும் வருவதாக மாமியார் சொன்னார். வாலு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினாள். மருமகள் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்றபடி, குடை எடுத்தீங்களா மாமி என்று கேட்டாள். எடுத்திருந்தார்கள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. உறையை நனையாமல் மாமியார் தலைப்புக்குள் வைத்து, மேலே ஒரு கையால் மூடிக்கொண்டே நடந்தார். தெருக்கோடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கதவு இன்னும் பாதி திறந்தே இருந்தது.

தபால் ஆபீஸ் மேஜையில் மனு அக்கா இரண்டு தாள்களையும் சேர்த்து மடித்து உறைக்குள் வைத்தார். அங்கே இருந்த கோந்துச் சீசாவில் கோந்து இறுகிப் போயிருந்தது. மாமியார் விரலை நனைத்துத் தேய்த்து எடுத்து, மடிப்பில் ஓரம் விடாமல் தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் உறையை எடை போட்டார், தபால்தலை ஒட்டினார், எண் சீட்டு ஒட்டினார், முத்திரையை இரண்டு முறை ஓங்கிக் குத்தினார். நாளை மறுநாள் போய்ச் சேரும் என்றார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

மனு அக்கா ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். மாமியார் நகரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர் லேசாகக் கனைத்தார். உறை ஒரு சாக்குப் பைக்குள் போவதையும், அதன் மேல் இன்னும் பல உறைகள் விழுவதையும், நாலு மணி அடித்ததும் ஒருவர் வந்து பையின் வாயைச் சணலால் சுற்றிக் கட்டுவதையும் பார்த்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையைத் தூக்கிக்கொண்டு அந்த ஆள் பின்பக்கமாகப் போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"போயிடுச்சு" என்றார் மாமியார். கம்பியிலிருந்து கையை எடுத்தார். வாலுவின் செருப்பைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"சீக்கிரம் வாங்கக்கா. அங்க அவ தனியா இருப்பா."